ரெக்கவரி ஆய்வின் டெக்ஸாமெத்தசோன் கட்டுரையை எப்படிப் படிப்பது? – விவாத இழை

#1 முதுநிலை_மாணவி

வணக்கம். துறை ஜர்னல் கிளப்புக்கு, அதாவது ஆய்வுக் கட்டுரையைச் சேர்ந்து படித்து விவாதிக்கும் கூட்டத்துக்கு, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கோவிட் நோயாளிகளிடம் நடத்திய ரெக்கவரி ஆய்விலிருந்து டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பற்றிய கட்டுரையை எடுத்திருக்கிறேன். முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவர்களில் மருந்து இறப்பைக் குறைத்தது. பிடிபடாதது அதன் கட்டமைப்பு. ஆய்வில் சேர்ந்தவர்கள் 11,303 பேர், கணக்கில் வருபவர்கள் 6,425 பேர். மீதிப் பேர் எங்கே? மருந்துக் குழுவில் 2,104 பேர், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 4,321 பேர். ஏன் சமமாகப் பிரிக்கவில்லை? போலி மருந்தும் கிடையாது. யாருக்கு என்ன கொடுக்கிறோம் என்று டாக்டருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். அப்படி இருந்தும் இதை நம்பி உலகமே சிகிச்சையை மாற்றிக்கொண்டது ஏன்?

#2 எண்கணக்கர்

முதல் கேள்வியிலிருந்து வருகிறேன், மேடம்.

அந்தக் காலகட்டத்தில் நான்கு மருந்துகள் ஒரே ஆய்வுக்குள் சோதிக்கப்பட்டன: டெக்ஸாமெத்தசோன், ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின், லோபினவிர்-ரிட்டோனவிர், அசித்ரோமைசின். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழு ஒன்றே ஒன்று. நான்குக்கும் அதுதான் ஒப்பீடு. 11,303 பேரில் டெக்ஸா கிடைக்க வாய்ப்புள்ளவர்கள் 9,355 பேர். விடுபட்ட 1,948 பேருக்கு அன்று அந்த மருத்துவமனையில் மருந்து இருப்பில் இல்லை, அல்லது ஸ்டீராய்டு கட்டாயம் வேண்டும் என்றோ கூடவே கூடாது என்றோ டாக்டர் முடிவு செய்திருந்தார். 9,355 பேரில் 6,425 பேர் டெக்ஸாவுக்கோ வழக்கமான சிகிச்சைக்கோ ஒதுக்கப்பட்டார்கள். மீதி 2,930 பேர் மற்ற மூன்று மருந்துகளுக்குப் போனார்கள்.

அந்த 1,948 பேரை ஒதுக்கி வைத்ததைக் கவனியுங்கள். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்கும் ஒருவருக்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அவருக்கு டெக்ஸா கிடைக்க வழியே இல்லை. ஆனாலும் அவர் வழக்கமான சிகிச்சைக் குழுவில் விழலாம். அவரையும் சேர்த்து எண்ணினால் ஒரு பக்கம் மட்டும் நோய் முற்றியவர்கள் குவிவார்கள்; மருந்து செய்யாத நன்மையைச் செய்ததாகக் கணக்கு காட்டும். அதனால் ஒரு மருந்தை ஒப்பிடும்போது, அந்த மருந்து கிடைத்திருக்கக்கூடியவர்களை மட்டுமே இரண்டு பக்கமும் எண்ணினார்கள். பல மருந்துகளை ஒன்றாகச் சோதிக்கும் ஆய்வுகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

இரண்டாவது கேள்விக்கும் பதில் அந்தப் பொதுக் குழுவில்தான் இருக்கிறது. ஒரே ஒப்பீட்டுக் குழுவைப் பல மருந்துகள் பங்கிட்டால், அதை மற்றவற்றைவிடப் பெரிதாக வைப்பது லாபம். எவ்வளவு பெரிதாக என்பதற்குப் பழைய விதி ஒன்று உண்டு: மருந்துகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம். 4-க்கு வர்க்கமூலம் 2. அங்கேயும் ஒதுக்கீடு ஒரு மருந்துக்கு ஒரு பங்கு, வழக்கமான சிகிச்சைக்கு இரண்டு பங்கு.

#3 எண்கணக்கர்

தொடர்ச்சி. 2,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று ஜர்னல் கிளப்பில் கட்டாயம் கேட்பார்கள். கையாலேயே போட்டுக் காட்டலாம்.

அவர்கள் வைத்த எதிர்பார்ப்பு: வழக்கமான சிகிச்சையில் 28 நாளில் 20% இறப்பு, மருந்தால் அது 16% ஆகக் குறைய வேண்டும். பி மதிப்பு, அதாவது வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்புக்கு வைத்த வரம்பு, 0.01; பலன் உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் திறன் 90%. 0.01-க்குரிய எண் 2.576, 90%-க்குரிய எண் 1.282. கூட்டினால் 3.858, அதன் வர்க்கம் 14.88. அடுத்தது பரவல். மருந்துப் பக்கம் 0.16 × 0.84 = 0.1344. ஒப்பீட்டுப் பக்கம் 0.20 × 0.80 = 0.16, அங்கே ஆட்கள் இரண்டு மடங்கு என்பதால் பாதி, 0.08. மொத்தம் 0.2144. வித்தியாசம் 0.04, அதன் வர்க்கம் 0.0016. ஆக 14.88 × 0.2144 ÷ 0.0016 = 1,994. மருந்துக் குழுவுக்கு 2,000, ஒப்பீட்டுக்கு 4,000.

பி மதிப்பை வழக்கம்போல 0.05 என்று வைத்திருந்தால் 1,400 பேர் சொச்சம் போதும். ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளைப் பார்க்கும்போது 0.05 போதாது, ஏதாவது ஒன்று தற்செயலாக ஜெயித்துவிடும். 0.01-ஐ எடுத்தது சரியான முடிவு.

இந்த எண்ணிக்கை எட்டிவிட்டது என்று 2020 ஜூன் 8 அன்று டெக்ஸா குழுவில் ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். முடிவு அறிவிக்கப்பட்டது ஜூன் 16. நடுவில் முடிவைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று நிறுத்தவில்லை என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

#4 தீவிரப்பிரிவு

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

போலி மருந்து இல்லாதது எல்லா ஆய்விலும் ஒரே அளவு கெடுதல் செய்யாது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. "மூச்சுத்திணறல் குறைந்ததா?" என்று கேட்டால், மருந்து கிடைத்தவர் குறைந்தது என்பார், டாக்டரும் அப்படியே எழுதிவிடுவார். ரெக்கவரியில் முதன்மை அளவீடு, ஒதுக்கீடு செய்த நாளிலிருந்து 28 நாளுக்குள் இறப்பு. இதில் யாருடைய அபிப்பிராயத்துக்கும் இடமில்லை. பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை எண் ஒவ்வொருவருக்கும் உண்டு. இறப்புப் பதிவேட்டோடு அதை இணைத்துப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் இறந்தவரும் கணக்கில் வந்துவிடுவார்.

மறைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஒதுக்கீடு நடக்கும்வரை அது என்ன என்பது யாருக்கும் தெரியக் கூடாது. டாக்டர் இணையப் பக்கத்தில் உள்ளே போகிறார். வயது, பாலினம், எந்த அளவு ஆக்சிஜன் உதவி, அறிகுறி தொடங்கி எத்தனை நாள், வேறு நோய்கள், எந்த மருந்து இருப்பில் இருக்கிறது, எது இவருக்கு ஆகாது என்று நிரப்பி அனுப்புகிறார். அதன் பிறகுதான் திரையில் ஒதுக்கீடு தெரியும், அந்த நோயாளி அந்த நொடியே கணக்கில் ஏறிவிடுவார். பிடிக்கவில்லை என்று பின்வாங்கி இன்னொரு முறை போட்டுப் பார்க்க முடியாது.

நம் ஊரில் இன்னும் பல ஆய்வுகள் ஒதுக்கீட்டுச் சீட்டு வைத்த மூடிய உறையை நம்புகின்றன. உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, இரண்டு மூன்று உறைகளை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொண்டு நோயாளிக்குத் தோதானதை எடுப்பது, இதெல்லாம் உலகெங்கும் நடந்திருக்கிறது. உறைதான் வழி என்றால் வெளிச்சம் ஊடுருவாத தாள், வரிசை எண், பிரிக்கும் முன் உறையின் மேல் நோயாளி பெயரும் நேரமும் கையெழுத்தும். உறைக்குள் கார்பன் தாள் வைத்தால் மேலே எழுதியது உள்ளே இருக்கும் சீட்டிலும் பதியும்; பிறகு மாற்றினால் தெரிந்துவிடும்.

#5 ஐயம்

சரி, எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தார்கள் என்றால் வழக்கமான சிகிச்சைக் குழுவிலேயே 8% பேருக்கு டெக்ஸா கொடுத்தது எப்படி? இரண்டு குழுவும் கலந்துவிட்டதே. அந்த 8% பேரை நீக்கிவிட்டோ, மருந்துக் குழுவுக்கு மாற்றிவிட்டோ கணக்குப் போட்டிருக்க வேண்டாமா?

#6 எண்கணக்கர்

கூடவே கூடாது, சார். அந்த 8% பேருக்கு டெக்ஸா ஏன் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நிலைமை மோசமானதால் டாக்டர் கொடுத்திருப்பார். அவர்களை மருந்துப் பக்கம் தள்ளினால் அங்கே இறப்பு கூடும். நீக்கினால் ஒப்பீட்டுப் பக்கம் மோசமானவர்கள் குறைந்து, அது ஆரோக்கியமாகத் தெரியும். இரண்டுமே சீரற்ற ஒதுக்கீட்டை, அதாவது குலுக்கல்போலப் பிரித்ததை, உடைக்கும் வேலை. ஒதுக்கிய குழுவிலேயே கடைசிவரை எண்ணுவதுதான் முறை. இப்படிச் செய்தால் மருந்தின் பலன் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரியுமே தவிர, இல்லாத பலன் வராது. மருந்துக் குழுவிலும் 95% பேருக்குத்தான் ஒரு வேளையாவது மருந்து போனது. மீதி 5% பேரும் அங்கேயே எண்ணப்பட்டார்கள்.

#7 முதுநிலை_மாணவி

நன்றி, இப்போது தெளிவாகிறது. அடுத்த குழப்பம் வயது. அட்டவணையில் டெக்ஸா குழுவின் சராசரி வயது 1.1 ஆண்டு கூடுதல். சீரற்று ஒதுக்கியும் வித்தியாசம் எப்படி?

#8 எண்கணக்கர்

தற்செயல்தான். வயதைப் பிரித்து வைத்துச் சமன் செய்யாத எளிய ஒதுக்கீடு அது. அப்படி ஒதுக்கும்போது இந்த அளவு விலகல் வரத்தான் செய்யும். கோவிட் இறப்பில் வயதுதான் பெரிய காரணி என்பதால் 70-க்குக் கீழ், 70 முதல் 79, 80-க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துச் சரிசெய்தார்கள். கட்டுரையில் இறப்பு விகிதங்களின் ஒப்பீடு (மருந்துக் குழு ÷ வழக்கமான குழு) 0.83 என்று படிக்கிறீர்களே, அது சரிசெய்த எண். 95% நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, 0.75 முதல் 0.93. அந்தத் திருத்தம் மருந்துக்கு எதிராக இருந்த பாரத்தை இறக்கியது என்பதையும் சொல்லிவிடுங்கள், யாராவது கேட்பார்கள்.

#9 தீவிரப்பிரிவு

இனி உயிர்நாடியான பகுதி. மொத்தமாகப் பார்த்தால் டெக்ஸாவில் 2,104 பேரில் 482 பேர் இறந்தார்கள், 22.9%. வழக்கமான சிகிச்சையில் 4,321 பேரில் 1,110 பேர், 25.7%. இந்த ஒற்றை எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனால் ஆபத்து. உள்ளே மூன்று வேறு கதைகள் இருக்கின்றன.

வென்டிலேட்டரில் இருந்தவர்கள்: டெக்ஸாவில் 324 பேரில் 95 இறப்பு (29.3%), மறுபக்கம் 683 பேரில் 283 (41.4%).

ஆக்சிஜன் மட்டும் வாங்கியவர்கள்: 1,279 பேரில் 298 (23.3%), மறுபக்கம் 2,604 பேரில் 682 (26.2%).

ஆக்சிஜனே தேவைப்படாதவர்கள்: 501 பேரில் 89 (17.8%), மறுபக்கம் 1,034 பேரில் 145 (14.0%).

கூட்டிப் பாருங்கள், மூன்றும் சேர்ந்து மேலே சொன்ன மொத்தத்தில் போய் நிற்கும். வென்டிலேட்டரில் எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு உயிர் மிச்சம். ஆக்சிஜன் குழுவில் முப்பத்தைந்து பேருக்கு ஒரு உயிர் என்ற அளவில். மூன்றாவது குழுவில் எண்கள் எதிர்த்திசையில் திரும்பி நிற்கின்றன.

#10 ஐயம்

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. உட்குழுவைப் பிரித்துக்கொண்டே போனால் ஏதாவது கிடைக்கும் என்று நீங்கள்தான் எப்போதும் எச்சரிப்பீர்கள். இதே ஆக்ஸ்ஃபோர்டின் ஐசிஸ்-2 ஆய்வை மறந்துவிட்டோமா?

#11 எண்கணக்கர்

மறக்கவில்லை, நல்ல கேள்வி. மாணவிக்காக விவரம்: ஐசிஸ்-2 வெளியானது 1988-இல். 417 மருத்துவமனைகள், மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர். ஆஸ்பிரினால் ஐந்து வாரத்தில் இதய, ரத்தநாள இறப்பு 11.8%-இலிருந்து 9.4% ஆகக் குறைந்தது. உட்குழு வாரியாகப் பிரித்துக் காட்டும்படி கேட்டபோது ஆய்வாளர்கள் பிறந்த தேதி ராசியையும் சேர்த்து வெளியிட்டார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் கொஞ்சம் கெடுதல், மற்ற ராசிக்காரர்களுக்கு நல்ல பலன் என்று வந்தது. தற்செயல் எப்படி விளையாடும் என்று காட்டத்தான் அதை வெளியிட்டார்கள்.

ரெக்கவரியின் ஆக்சிஜன் பிரிவு அந்த வகையில் சேராது. முடிவைப் பார்க்கும் முன்பே திட்டமிட்ட பிரிவு அது. மூன்று படிகளும் ஒரே திசையில் வரிசையாக நகர்கின்றன. அந்தப் போக்குக்கான பி மதிப்பு 0.001-க்கும் கீழே. நோயின் இயல்பும் ஒத்துப்போகிறது. இதற்கெல்லாம் மேல், உலக சுகாதார நிறுவனம் ஏழு ஆய்வுகளைச் சேர்த்து 2020 செப்டம்பர் 2 அன்று வெளியிட்ட தொகுப்பில், நோய் மிக முற்றிய 1,703 பேரில் ஸ்டீராய்டு பெற்ற 678 பேரில் 222 இறப்பு, பெறாத 1,025 பேரில் 425. அதே திசைதான்.

ஒரு நேர்மையான குறிப்பும் வேண்டும். அந்த 1,703 பேரில் 1,007 பேர் ரெக்கவரியின் வென்டிலேட்டர் நோயாளிகளே. ஆகவே அதை முழுக்கத் தனிச் சாட்சி என்று சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது குழுவையும் அளவோடு பேசுங்கள். வித்தியாசம் 3.7 சதவீதப் புள்ளி. நான் போட்ட கணக்கில் 95% இடைவெளி −0.2 முதல் 7.7 வரை. "கெடுதல் நிரூபணமாகிவிட்டது" என்று சொல்ல முடியாது. "பலன் இருப்பதாக எந்த அறிகுறியும் இல்லை, கெடுதலாக இருக்கலாம்" என்பதே சரியான வாக்கியம். ஒரு சாதாரண டாக்டருக்கு அது போதும்: கொடுக்கக் கூடாது.

#12 தீவிரப்பிரிவு

நோயின் இயல்பு என்றாரே, அதைச் சுருக்கமாக. முதல் வாரத்தில் வைரஸ் பெருகுகிறது. அதை அடக்க உடலின் எதிர்ப்பு வேண்டும். பலருக்கு இரண்டாம் வாரத்தில் அதே எதிர்ப்பு கட்டுமீறி நுரையீரலைச் சிதைக்கிறது. அப்போது அதை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு செய்வது அடக்கும் வேலை. எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆய்விலும் அறிகுறி தொடங்கி ஏழு நாளைத் தாண்டியவர்களுக்குத்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

2020-க்கு முன் ஸ்டீராய்டு மேல் டாக்டர்களுக்குப் பயம் இருந்ததும் காரணத்தோடுதான். தலைக்காயத்துக்குக் காலங்காலமாகக் கொடுத்துவந்த ஸ்டீராய்டை 10,008 பேரிடம் சோதித்த கிராஷ் ஆய்வு 2004-இல் வந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறப்பு 21.1%, பெறாதவர்களில் 17.9%. நல்லது செய்கிறோம் என்று நம்பிக் கொடுத்த மருந்து ஆளைக் கொன்றுகொண்டிருந்தது.

#13 மருந்தாளுநர்

அளவைப் பற்றி யாரும் பேசவில்லை. நடைமுறையில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

ஆய்வில் கொடுத்தது தினம் ஒரு வேளை 6 மி.கி., வாய்வழியாகவோ ஊசியாகவோ, அதிகபட்சம் 10 நாள். அதற்கு முன் டிஸ்சார்ஜ் ஆனால் அன்றோடு நிறுத்தம். இந்த இரண்டாவது வரியைப் பலர் படிப்பதே இல்லை. வீட்டுக்கு மாத்திரை கட்டிக் கொடுத்து அனுப்பவில்லை. நடுநிலை கால அளவு 7 நாள்தான். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் டெக்ஸாவுக்குப் பதிலாக பிரெட்னிசோலோன் 40 மி.கி. அல்லது ஹைட்ரோகார்ட்டிசோன் 80 மி.கி. இரண்டு வேளை.

6 மி.கி. டெக்ஸா ஏறக்குறைய 40 மி.கி. பிரெட்னிசோலோனுக்கும் 32 மி.கி. மெத்தில்பிரெட்னிசோலோனுக்கும் சமம். ஆகவே இது நடுத்தர அளவு. கடையில் கிடைக்கும் மாத்திரை பெரும்பாலும் 0.5 மி.கி.; 6 மி.கி. என்றால் 12 மாத்திரை. சீட்டில் எண்ணை மட்டும் எழுதி மி.கி. எழுதாமல் விட்டால் ஒருவர் 6 மாத்திரை கொடுப்பார், அது 3 மி.கி.தான்.

ஊசியில் இன்னொரு சிக்கல். நம் குப்பியில் ஒரு மி.லி.-க்கு 4 மி.கி. என்று இருப்பது டெக்ஸாமெத்தசோன் பாஸ்பேட் கணக்கு. பிரிட்டனில் அதே வலுவுள்ள ஊசியில் 3.3 மி.கி. என்று அச்சிடுகிறார்கள், அது உப்பு நீக்கிய டெக்ஸாமெத்தசோன் கணக்கு. அங்கே 6 மி.கி.-க்கு 1.8 மி.லி. எடுக்க வேண்டும். இங்கே 4-ஆல் வகுத்து 1.5 மி.லி. எடுத்தால் உண்மையில் போவது 5 மி.கி. அளவு. உயிர் போகும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு ஆய்வு நெறிமுறையை எழுதும்போது எந்தக் கணக்கு என்று எழுதாவிட்டால் இரண்டு மருத்துவமனையில் இரண்டு அளவு போகும்.

#14 வார்டு_சிஸ்டர்

மருந்தாளுநர் சாருடன் ஒன்று சேர்க்கிறேன். டெக்ஸா போட்ட நோயாளிக்குக் காலை வெறும் வயிற்று சுகர் மட்டும் பார்த்தால் போதாது. காலையில் மருந்து போனால் மதியம், இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சுகர் ஏறும். டெக்ஸா ஒன்றரை நாளுக்கு மேல் உடம்பில் வேலை செய்யும் என்பதால் மறுநாள் வெறும் வயிற்றிலும் ஏறலாம். நாலு வேளை பார்க்கணும். முன்னே சுகர் இல்லாதவர்களுக்கும் பார்க்கணும். மருந்து நின்றதும் இன்சுலினைக் குறைக்க மறந்தால் தாழ்சர்க்கரையில் போய் நிற்கும், அதையும் சார்ட்டில் எழுதி வைக்கணும்.

#15 சமூகமருத்துவம்

சிஸ்டர் சொன்னதைக் கேட்டதும் 2021-ஐப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் அலையில் ஆக்சிஜன் 97, 98 என்று இருந்தவர்களுக்கும் இந்தியா முழுக்க ஸ்டீராய்டு எழுதப்பட்டது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே மாத்திரை. சர்க்கரை நோய் இவ்வளவு பரவியுள்ள நாட்டில், கண்காணிப்பு இல்லாமல், வாரக்கணக்கில். மியூகார்மைகோசிஸ், அதாவது கறுப்புப் பூஞ்சை, எத்தனை பேரின் கண்ணையும் தாடையையும் கொண்டுபோயிற்று என்பது காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும். 2021 மே மாதம் தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கட்டுப்பாடற்ற சர்க்கரையும் தேவையற்ற ஸ்டீராய்டும் சேர்ந்ததுதான் இதன் பெரிய காரணம்.

ஆய்வின் அட்டவணையில் மூன்றாவது வரி, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களின் வரி, 2020 ஜூனிலிருந்தே எல்லார் கண் முன்னாலும் இருந்தது. தலைப்புச் செய்தியில் "உயிர்காக்கும் ஸ்டீராய்டு" மட்டும் வந்தது. ஜர்னல் கிளப்பில் வேறு எதற்கு நேரம் இல்லாமல் போனாலும் இந்த மூன்றாவது வரியில் நின்று பேசுங்கள், மேடம்.

#16 ஐயம்

ஒப்புக்கொள்கிறேன். அதோடு தொடர்புடைய என் அடுத்த ஆட்சேபம்: ஜூன் 16 அன்று வந்தது பத்திரிகை அறிக்கை. கட்டுரை இதழில் வந்தது ஜூலை 17. எண்களை முழுதாகப் பார்க்காமல் பிரிட்டன் அன்றைக்கே சிகிச்சையை மாற்றியது. அறிவியலை இப்படி அறிவிக்கலாமா?

#17 தீவிரப்பிரிவு

அந்த ஜூன் மாதத்தை நினைவுபடுத்துகிறேன். ஜூன் 4 அன்றுதான் லான்செட், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்கள் இரண்டும் சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்தின் தரவை நம்பி வெளியிட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் பற்றிய அந்த லான்செட் கட்டுரை 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று சொன்னது. மூலத் தரவைத் தணிக்கையாளர்களுக்குக் காட்டவே முடியவில்லை. சக ஆய்வாளர் மதிப்பீடு முடிந்து, இதழில் அச்சாகி வந்தது அது. ஆக, இதழில் வந்தால் நம்பலாம், அறிக்கையாக வந்தால் கூடாது என்று கோடு கிழிக்க முடியாது.

அதே மருந்தை ரெக்கவரி எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். அந்தக் கட்டுரை வெளியானதும் சுயேச்சையான தரவுக் கண்காணிப்புக் குழு எண்களைத் திறந்து பார்த்தது. நிறுத்தக் காரணமில்லை, தொடரலாம் என்றது. ஆய்வை நடத்திய பீட்டர் ஹார்பிக்கும் மார்ட்டின் லாண்ட்ரேவுக்கும் அப்போது குழுவாரி எண்கள் தெரியாது, தெரியவும் கூடாது. பிறகு ஜூன் 5 அன்று பலன் இல்லை என்று அறிவித்தார்கள். இறுதிக் கணக்கில் மருந்து பெற்ற 1,561 பேரில் 27.0% இறப்பு, பெறாத 3,155 பேரில் 25.0%. பொய்யான 96,032-ஐவிட உண்மையான 4,716 பேர் ஆயிரம் மடங்கு மேல்.

அறிக்கை பற்றிய உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. கட்டுரையின் முன்வரைவு ஜூன் 22-இல்தான் பொதுவெளிக்கு வந்தது. அந்த ஆறு நாளும் அட்டவணை கையில் இல்லாமல் டாக்டர்கள் தவித்தார்கள். அறிக்கையோடு ஒரு பக்க அட்டவணையாவது வந்திருக்க வேண்டும்.

#18 முதுநிலை_மாணவி

6 மி.கி. நன்றாக வேலை செய்தால் 12, 20 கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்காதா என்ற கேள்வி வரும். பதில் இருக்கிறதா?

#19 மருந்தாளுநர்

இருக்கிறது, அதே ஆய்விலேயே. பிரிட்டனோடு ஆசிய, ஆப்பிரிக்க மருத்துவமனைகளும் சேர்ந்தன. முதல் ஐந்து நாள் 20 மி.கி., அடுத்த ஐந்து நாள் 10 மி.கி. என்று ஒரு குழு. வழக்கமான குறைந்த அளவு இன்னொரு குழு. ஆக்சிஜன் மட்டும் வாங்கியவர்களிலும் ஆக்சிஜன் வாங்காதவர்களிலும் கெடுதல் தெரிந்ததால், கண்காணிப்புக் குழு சொல்லி 2022 மே மாதம் அந்த நோயாளிகளை இதில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதிக அளவு பெற்ற 659 பேரில் 123 இறப்பு (19%), வழக்கமான அளவில் 613 பேரில் 75 (12%). கோவிட் அல்லாத நிமோனியா 10%-க்கு 6%. இன்சுலின் தேவைப்படும் அளவு சர்க்கரை ஏற்றம் 22%-க்கு 14%. நுரையீரல் வீக்கம் அடங்க 6 மி.கி. போதும், அதற்கு மேல் போகப் போகக் கிருமித்தொற்றுக்குக் கதவு திறக்கிறோம்.

#20 சமூகமருத்துவம்

பலன் இல்லை என்று வந்த பிரிவுகளையும் ஒரு ஸ்லைடில் போடுங்கள். லோபினவிர்-ரிட்டோனவிர், அசித்ரோமைசின், ஆஸ்பிரின், கோல்ச்சிசின் எதிலும் இறப்பு குறையவில்லை. கோவிட்டிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மாவை ஏற்றும் சிகிச்சையில் 5,795 பேருக்கு எதிர் 5,763 பேர், இரண்டு பக்கமும் 24%. இங்கே இந்தியாவுக்குப் பெருமை உண்டு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய பிளாசிட் ஆய்வு 39 மருத்துவமனைகளில் 464 பேரைச் சேர்த்து, 2020 அக்டோபரிலேயே பிளாஸ்மாவால் பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. நோய் முற்றுவதோ இறப்போ 19%-க்கு 18%. அதன் பிறகும் பிளாஸ்மா கேட்டு உறவினர்கள் மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

#21 முதுநிலை_மாணவி

கடைசியாக ஒன்று. இதிலிருந்து நம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஆய்வேட்டுக்கு எதை எடுத்துக்கொள்ளலாம்? அங்கே 176 மருத்துவமனைகள். நமக்கு ஒரு வார்டு.

#22 எண்கணக்கர்

எண்ணால் சொல்கிறேன். டெக்ஸா ஆய்வின் மொத்த வித்தியாசம் 2.8 புள்ளி, 95% இடைவெளி 0.6 முதல் 5.0. ஆட்களைப் பத்தில் ஒன்றாக்கி 210-க்கு 432 என்று வைத்து, இறப்பு விகிதத்தை மாற்றாமல் போட்டால் இடைவெளி −4.2 முதல் 9.8. அதே மருந்து, அதே பலன். ஆனால் "பலன் நிரூபிக்கப்படவில்லை" என்று எழுத வேண்டியிருக்கும். ஒரு வார்டில் பக்கத்துக்கு 50 பேர் என்றால், 20% இறப்பு 3% ஆக விழுந்தால்தான் 80% திறனோடு கண்டுபிடிக்க முடியும். அப்படி எந்த மருந்தும் வேலை செய்வதில்லை. அதனால் ஒரு வார்டில் இறப்பை அளவீடாக வைக்காதீர்கள். சர்க்கரை அளவு, ஆக்சிஜன் தேவைப்பட்ட நாட்கள் போல எல்லாரிடமும் அளக்கக்கூடியதை எடுங்கள். இல்லையென்றால் நாலைந்து கல்லூரிகள் ஒரே நெறிமுறையில் சேருங்கள்.

#23 சமூகமருத்துவம்

சேர்வதற்கு முதல் தடை படிவம். ரெக்கவரியில் தொடர் கண்காணிப்புக்கு ஒரே ஒரு படிவம்: டிஸ்சார்ஜ், இறப்பு, 28-ஆம் நாள் இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஒரு முறை. உயிரோடு இருக்கிறாரா, எந்த மருந்து எத்தனை நாள், வென்டிலேட்டர் போட்டதா, டயாலிசிஸ் ஆனதா, இறந்தால் காரணம் என்ன. இதய லயக் கோளாறு பற்றிய கேள்வி மே 12-இல்தான் சேர்ந்தது. நெறிமுறை எழுதத் தொடங்கி ஒன்பது நாளில், மார்ச் 19 அன்று, முதல் நோயாளியைச் சேர்க்க முடிந்ததற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். நம் ஆய்வேட்டுப் படிவங்கள் எட்டுப் பக்கம் போகின்றன. மூன்றாம் பக்கத்துக்கு மேல் பாதிக் கட்டங்கள் காலி. உங்கள் இறுதி அட்டவணைகளை வெறும் கோடு போட்டு முதலில் வரையுங்கள். அதில் இடம்பெறாத எந்தக் கேள்வியையும் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். ஆய்வு நெறிமுறை, அதன் பிறகு அறநெறிக் குழு (எத்திக்ஸ் கமிட்டி) அனுமதி, அதன் பிறகு சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு, பதிவு எண் கைக்கு வந்த பிறகே முதல் நோயாளி. 2018 ஏப்ரல் 1 முதல் சிடிஆர்ஐ முன்பதிவை மட்டுமே ஏற்கிறது. ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டுப் போனால் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாத சிகிச்சை ஆய்வை நல்ல இதழ்கள் தொடாது. பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அவர்கள் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், அதற்கு நாள் ஒதுக்குங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் தனியாக அனுமதி பெற வேண்டும். ஆங்கிலப் படிவத்துக்குக் கிடைத்த அனுமதி தமிழ்ப் படிவத்துக்குச் செல்லாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வுக் குழுவில் இல்லாத சாட்சி ஒருவர் முழு நேரமும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். வார்டில் இருக்கும் பயிற்சி மருத்துவரை அவசரத்துக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது அதில் சேராது.

#24 முதுநிலை_மாணவி

வெற்று அட்டவணையிலிருந்து தொடங்குகிறேன். ஆக்சிஜன் உதவியின் மூன்று படிகளை முதல் பத்தியாக வைத்து, சர்க்கரையை நாலு வேளையாகப் பிரித்து வரைந்து நாளை இங்கே போடுகிறேன். தேவையில்லாத கட்டங்களை அடித்துக் காட்டுங்கள்.